ஆகஸ்டில் பன்னிரண்டும் ஜெயம், நவம்பரில் நடுவர் திருடர்

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறோம். நானும் மனைவியும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலையில் படித்தவர்கள். மகன் போய்ச் சேர்ந்ததோ மிச்சிகனில்! ஆகஸ்ட் வந்தால் அமெரிக்கக் கால்பந்து சீசனுக்கு ஆளுக்கொரு தாளில் கணிப்பு எழுதுவோம். எங்கள் தாளில் எங்கள் அணிக்கு 12 வெற்றி, அவன் தாளில் அவன் அணிக்கு 12. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை இரண்டும் மோதும். தோற்ற கட்சி ஒரு வாரம் நடுவரைத் திட்டும். 2016 ஆட்டத்தைச் சொல்லி மகன் இன்றும் சண்டைக்கு வருகிறான். நடுவர்கள் நிஜமாகவே ஓரவஞ்சனை செய்கிறார்களா? கணிப்பை உருப்படியாக எழுத வழி இருக்கிறதா?

பதில்: முதலில் தாளைப் பார்ப்போம். நடுவர் மேல் வரும் கோபத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

உங்கள் அணி எந்த எதிரியையும் பத்துக்கு எட்டு முறை வெல்லக்கூடியது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரே ‘ஜெயம்’ என்று எழுதுவதில் தப்பில்லை. ஆனால் பன்னிரண்டையும் வெல்லும் வாய்ப்பு என்ன? 0.8-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 7 சதவீதம். சராசரியாக இந்த அணிக்குக் கிடைக்கக்கூடியது 9.6 வெற்றி. அதாவது இரண்டு மூன்று தோல்விகள் எங்கோ காத்திருக்கின்றன. எந்த ஆட்டத்தில் என்று தெரியாததால் நீங்கள் ஒன்றைக்கூட எழுதுவதில்லை. பிறகு தோல்வி வரும்போது, நமக்குச் சேரவேண்டியதை யாரோ பிடுங்கிக்கொண்டதாகத் தோன்றுகிறது. விசிலோடு ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்கிறார், வசதியாக.

விஷயம் தெரிந்தவர்களின் கணிப்பும் பெரிதாக வாழவில்லை. ஏபி செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் வாக்கு வாங்கி வெளியிடும் தரவரிசையில் 2010 சீசனுக்கு முன் ஆபர்ன் 22-ஆம் இடத்தில் இருந்தது. தேசியப் பட்டம் அதற்குத்தான். 2024-இல் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு 10-ஆம் இடம் கொடுத்தார்கள். 2 வெற்றி, 10 தோல்வி. உங்கள் அணியையே எடுங்கள். அதே 2024-இல் ஐந்து தோல்விகளோடு கொலம்பஸுக்கு வந்த மிச்சிகன், சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று பந்தயச் சந்தை சொல்லியும், 13-10 என ஜெயித்துவிட்டுப் போனது. ஆனால் ஜனவரியில் தேசியக் கோப்பையைத் தூக்கியது ஒஹாயோ ஸ்டேட். அந்தத் தோல்வியையும் அந்தக் கோப்பையையும் ஒரே தாளில் ஆகஸ்டிலேயே எழுதியவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழலாம்.

இனி நடுவர்கள். இவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் அல்லர். கான்ஃபரன்ஸ் எனப்படும் லீக் அமர்த்துபவர்கள். பெரும்பாலானோருக்கு வார நாட்களில் வேறு வேலை உண்டு. தவறு செய்கிறார்களா என்றால், சந்தேகமே வேண்டாம். பத்து யார்டு கடக்க நான்கு முயற்சி என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. 1990-இல் மிசௌரிக்கு எதிராகக் கொலராடோவுக்கு எண்ணிக்கை பிசகி ஐந்தாவது முயற்சி கொடுத்தார்கள். அதில் 33-31 என வென்ற கொலராடோ அந்த ஆண்டு தேசியப் பட்டத்தையும் பகிர்ந்துகொண்டது. 2015-இல் டியூக்குக்கு எதிராக மயாமி கடைசி நொடிகளில் பந்தை எட்டுமுறை கைமாற்றி டச்டவுன் போட்டது. அந்த ஒரே ஓட்டத்தில் நான்கு தவறுகள் என்று லீக்கே ஒப்புக்கொண்டு நடுவர் குழுவை இரண்டு ஆட்டங்களுக்கு விலக்கிவைத்தது. முடிவு மட்டும் மாறவில்லை. முடிவை மாற்ற விதியில் இடமில்லை. 1940-இல் கார்னெல் தானாகவே விட்டுக்கொடுத்ததை விதிவிலக்காகச் சொல்லலாம். தான் போட்ட டச்டவுன் ஐந்தாவது முயற்சியில் வந்தது என்று படச்சுருளில் தெரிந்ததும், தந்தி அடித்து வெற்றியை டார்ட்மத்துக்கே கொடுத்துவிட்டது. இன்று எந்தப் பயிற்சியாளராவது அப்படிச் செய்தால் திங்கட்கிழமை வேலை இருக்குமா தெரியாது.

தவறு வேறு, ஓரவஞ்சனை வேறு. ஓரவஞ்சனை கண்ணுக்குத் தெரிவது எப்படி என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 1951-இல் பிரின்ஸ்டனும் டார்ட்மத்தும் மோதிய ஆட்டம் ரொம்ப முரட்டுத்தனமாகப் போனது. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரர் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால். ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் செய்த மீறல்கள் என்று டார்ட்மத் மாணவர்கள் குறித்தது சராசரியாக 4.3, அதே படத்தில் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தது 9.8. யாரும் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டு சோபாவின் இரு முனையிலும் நடப்பது இதேதான்.

அதற்காக நடுவர்களை முழுக்க விடுவிக்கவும் நான் தயாரில்லை. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரே ஒளிப்பதிவைக் கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்த நடுவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவே உள்ளூர் அணியின் மேல் ஃபவுல் கொடுத்தார்கள். லட்சம் பேர் கத்தும் ஒஹாயோ ஸ்டேடியத்தில் அந்த அழுத்தம் இல்லாமல் போகுமா? ஆனால் இது உள்ளூர்க்காரர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் சாய்வது. அடுத்த ஆண்டு மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் உங்கள் மகன் பக்கம் சாயும்.

2016-க்கு வருவோம். இரண்டாவது ஓவர்டைம், மிச்சிகன் 27-24 முன்னிலை, ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கடைசி முயற்சியில் ஒரு யார்டு தேவை. ஜே.டி. பாரெட் பந்தோடு பாய்ந்தார். எட்டிவிட்டார் என்றது களத் தீர்ப்பு. ரீப்ளேயும் அதை மாற்றவில்லை. அடுத்த ஓட்டத்திலேயே கர்ட்டிஸ் சாமுவேல் டச்டவுன் போட, 30-27. மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா நடுவர்களைச் சாடினார்; லீக் அவரைக் கண்டித்து, பல்கலைக்கு 10,000 டாலர் அபராதமும் விதித்தது. மகன் கவனிக்கவேண்டியது, களத் தீர்ப்பை மாற்ற மறுக்க முடியாத காட்சி ஆதாரம் வேண்டும் என்கிறது விதி. உடல்கள் குவிந்து கிடக்கும்போது பந்தின் நுனி எந்தக் கேமராவுக்கும் தெளிவாகத் தெரியாது. எட்டவில்லை என்று களத்தில் சொல்லியிருந்தால் அதுவும் அநேகமாக நின்றிருக்கும். கொலம்பஸ் இன்றைக்கும் அதைப் பேசிக்கொண்டிருக்கும். மிச்சிகன் மூன்றாம் கால்பகுதியில் 17-7 என முன்னிலையில் இருந்து அதைக் கோட்டைவிட்டதை மகன் சொல்லமாட்டான். உங்கள் கிக்கர் இரண்டு எளிய ஃபீல்டு கோலைத் தவறவிட்டதை நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

கணிப்புக்கு வழி கேட்டீர்கள். வெற்றி தோல்வி எழுதாமல் ஆட்டத்துக்கு ஆட்டம் சதவீதம் எழுதிக் கூட்டுங்கள். 90, 75, 60 என்று போட்டுக்கொண்டே போனால் பன்னிரண்டு ஆட்டமும் சேர்ந்து 9-க்கோ 10-க்கோ வந்து நிற்கும். தோல்விக்கு ஆகஸ்டிலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. போன ஆண்டு கடைசி நிமிடத்தில் வென்றவற்றை அதிகம் நம்பவேண்டாம். அந்த அதிர்ஷ்டம் சீசன் தாண்டி வருவது அபூர்வம். துரதிர்ஷ்டத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை. 2021-இல் நெப்ராஸ்கா 9 ஆட்டங்கள் தோற்றது, ஒவ்வொன்றிலும் வித்தியாசம் 9 புள்ளியோ அதற்கும் குறைவோ. வாங்கியதைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தும் 3-9. அடுத்த ஆண்டு நிச்சயம் நிமிரும் என்றார்கள். மூன்றே ஆட்டத்தில் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு 4-8-இல் முடித்தது.

மிச்சிகன் ஆட்டத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை வையுங்கள். உங்கள் அணிக்கு நீங்கள் போடும் சதவீதமும் அவன் அணிக்கு அவன் போடுவதும் சேர்ந்து 100 வரவேண்டும். 160 வந்தால் அந்தச் சண்டையை அன்றைக்கே போட்டு முடித்துவிடுங்கள்.