பூனைக்கு ஏற்ற தூரிகை

தில்லியில் மார்ச்சு மாதம் குளிர் விலகும். பகற்பொழுது நீளும்போது பூனைகள், குளிர்காலத்திற்காக வளர்த்த அடர்ந்த உரோமத்தை உதிர்க்கத் தொடங்கும். குட்டை உரோமப் பூனைகளும் இதற்கு விலக்கல்ல.

அந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் சாம்பல் நிறப் பூனை ஒன்று வளர்ந்தது. போர்வை, பள்ளிச் சீருடை, சோற்றுத்தட்டு என எங்கும் அதன் உரோமம். "இப்படியே போனால் பூனையை வேறு எவரிடமாவது கொடுத்துவிட வேண்டியதுதான்" என்றார் தாய். மகள் கலங்கினாள்.

மறுநாளே அவள் கம்பிப் பற்கள் நிறைந்த தூரிகை ஒன்றை வாங்கி வந்தாள். அழுத்தி இழுத்ததும் கைநிறைய உரோமம் வந்தது, மகிழ்ந்தாள். ஆனால், அதன்பின் தூரிகையைக் கண்டாலே பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது.

"அதை உன் கையில் தேய்த்துப் பார், அம்மா" என்றார் தந்தை. தேய்த்த இடத்தில் சிவந்த கோடுகள் தோன்றின. அவளுக்குக் காரணம் விளங்கியது. நீண்ட உரோமத்தின் சிக்கை எடுக்கக் கம்பித் தூரிகை உதவும். குட்டை உரோமத்திலோ அதன் முனை எளிதில் தோலைத் தொட்டுக் கீறிவிடும். பூனையின் தோல் மிக மெல்லியது.

அடுத்து அவள் தேர்ந்தெடுத்தது, மென்முனைகள் கொண்ட ரப்பர் தூரிகை. தளர்ந்த உரோமம் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். தோலுக்கோ வருடுவது போல் இருக்கும். முதல் நாள் அதைத் தரையில் வைத்தாள். பூனை முகர்ந்து பார்த்தது. பிறகு, உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே கழுத்திலிருந்து வால்பக்கம் வரை மெல்ல நீவினாள், வயிற்றைத் தொடவில்லை. பூனை வாலை வீசி அடித்தால் உடனே நிறுத்தினாள்.

இதனால் பூனைக்கும் நன்மை உண்டு. அதன் நாக்கில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் உள்ளன. உடலை நக்கும்போது உதிர்ந்த உரோமம் அவற்றில் சிக்கி வயிற்றுக்குள் செல்லும். சில வேளை உருண்டையாக வாந்தியில் வெளிவரும். தூரிகையில் சேரும் உரோமம் அந்த அளவுக்கு வயிற்றுக்குள் செல்வதில்லை. எனினும், உரோமம் திட்டுத்திட்டாக உதிர்ந்தாலோ தோல் சிவந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உரோமம் உதிர்வது முற்றிலும் நிற்கவில்லை. ஆனால், போர்வையில் குறைந்தது. ஒரு மாலை பூனை தானே வந்து தூரிகையின் அருகில் அமர்ந்தது. அன்று தூரிகையைக் கையில் எடுத்தவர் தாய்.

சொற்பொருள்
உரோமம் – உடல் முடி
நீவுதல் – மெல்லத் தடவுதல்
விலக்கு – விதிக்கு உட்படாதது

பிரித்து எழுதுக
1. பகற்பொழுது
2. மென்முனை

விடை எழுதுக
1. கம்பித் தூரிகை நிறைய உரோமத்தை எடுத்தும் ஏன் பொருத்தமற்றதாயிற்று?
2. பூனையின் நாக்கில் உள்ள முட்களால் நேர்வது யாது?
3. பூனையின் அச்சம் எவ்வாறு நீங்கியது? உன் சொற்களில் ஐந்து வரிகள் எழுதுக.