ஒரே குக்கரில் கொத்துக்கறி பாஸ்தா

ஞாயிற்றுக்கிழமை காலை விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கறிக்கடையில் நிற்பவரிடம் பாஸ்தா என்று சொன்னால், அதெல்லாம் பாண்டிச்சேரிக்குப் போய்ச் சாப்பிடுகிற சமாச்சாரம் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இரண்டு ஊருக்கும் பாண்டி பக்கம்தானே. ஆனால் சேமியா பிரியாணி கிளறத் தெரிந்த வீட்டில் பாஸ்தாவைக் கண்டு மிரள ஒன்றுமில்லை. சேமியாவும் பாஸ்தா சாதிதான்.

கறிக் குழம்பில் பாஸ்தாவைப் புரட்டிச் சாப்பிடுவதற்குப் பேர்போன ஊர் இத்தாலியின் பொலோன்யா. அங்கே இந்தக் குழம்பின் செய்முறையை 1982 அக்டோபர் 17 அன்று வணிகர் சபையில் பதிவே செய்து வைத்தார்கள். மாட்டுக்கறி, பன்றி வயிற்றுக்கறி, காரட், ஒயின், பால் என்று போகிறது அந்தப் பட்டியல். நம் ஊர்க் குக்கருக்கு அதிலிருந்து காரட்டும் பாலும் போதும்.

நான்கு பேருக்கு ஆட்டுக் கொத்துக்கறி 300 கிராம், பாஸ்தா 300 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, காரட் ஒன்று, நாட்டுத் தக்காளி நான்கு, பூண்டு எட்டுப் பல், பால் அரை டம்ளர், எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. பாஸ்தா பாக்கெட்டில் 'டுரம்' கோதுமை என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். மைதா கலந்தது ஒரே பாத்திரச் சமையலில் குழைந்து களியாகிவிடும். கறியைக் கடையிலேயே கழுவித் தரச் சொல்லி, அதன் பிறகு கொத்தச் சொல்வது நல்லது. கொத்திய பின் கழுவினால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, வதங்காமல் வெந்துபோகும்.

ஐந்து லிட்டர் குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, துருவிய காரட் மூன்றையும் வதக்கிக் கறியைப் போட வேண்டும். இந்த இடத்தில் அவசரம் ஆகாது. முதலில் கறி தண்ணீர் விட்டுக் கொதிக்கும். பத்து நிமிடத்தில் அது வற்றி, கொதிக்கிற சத்தம் போய்ப் படபடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். கரண்டியால் அடியைச் சுரண்டினால் பழுப்பாக ஒட்டியிருப்பது தெரியும். குழம்பின் ருசி முக்கால்வாசி அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. இப்போது பாலை ஊற்றிச் சுண்டவிட வேண்டும். பால் முந்தி, தக்காளி பிந்தி. மாற்றினால் புளிப்பில் பால் திரியும்.

அடுத்து அரைத்த தக்காளி, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு டம்ளர் தண்ணீர். மூடி போட்டு நான்கு விசில். கரம் மசாலா பக்கம் கை போகக் கூடாது. போனால் அது சேமியா பிரியாணியின் தம்பியாகிவிடும்.

உப்பு விஷயத்தில் மட்டும் இத்தாலிக்காரர் பேச்சைக் கேட்கக் கூடாது. அவர்கள் பாஸ்தா வேகவைக்கும் தண்ணீரில் உப்பை அள்ளிப் போடுவதற்குக் காரணம், அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுவதுதான். இங்கே ஒரு சொட்டும் வெளியே போகாது. மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பாக இருந்தாலும் முதலில் ஒரு தேக்கரண்டி போதும். மிச்சம் ருசி பார்த்துப் போடலாம்.

ஆவி அடங்கித் திறந்ததும் 600 மில்லி வெந்நீர் ஊற்றி, கொதி வந்ததும் பாஸ்தாவைப் போட வேண்டும். ஒரு கிராம் பாஸ்தாவுக்கு இரண்டு மில்லி என்பது கணக்கு. முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளற வேண்டும். மாவு கசிந்து அடிபிடிக்கிற நேரம் அதுதான். பிறகு தீயைக் குறைத்து, விசில் போடாமல் ஒரு தட்டால் மூடி, இடையிடையே கிளறினால் போதும். பாக்கெட்டில் 11 நிமிடம் என்றிருந்தால் ஒன்பதாவது நிமிடமே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் லேசாகப் பல்லுக்குத் தட்டுப்பட்டால் அடுப்பை அணைக்கலாம். அப்போது குழம்பு கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பாஸ்தா இழுத்துக்கொள்ளும்.

மீந்தால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் கால் டம்ளர் வெந்நீர் தெளித்து நன்றாகச் சூடாக்குங்கள். வெறுமனே சூடாக்கினால் கட்டி தட்டிவிடும்.