நினைவும் மறதியும்
(ஆசிரியர்க்குரியது)

நினைவாவது, முன்பு கண்டதையேனும் கேட்டதையேனும் பின்பு வேண்டியவிடத்து உள்ளத்திற் கொண்டுவருதலாம். மறதியாவது, அவ்வாறு கொண்டுவரமாட்டாமையாம். பாடசாலைகளிலே மறதி பெரும்பாலும் குற்றமாகவே எண்ணப்படுகின்றது. திங்கட்கிழமை ஒரு பதிகத்தைப் பிழையற ஓதிய மாணாக்கன் வெள்ளிக்கிழமை இரண்டாம் பாட்டிலே தடுமாறினால், அவனைச் சோம்பன் என்றும் பத்தியில்லாதவன் என்றும் வைகின்ற ஆசிரியர் உளர். அவன் உண்மையிற் குற்றவாளிதானா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நினைவின்கண் நிகழுந் தொழில்கள் மூன்று. அவை பதித்தல், பேணல், மீட்டல் என்பனவாம். இவற்றுள் எது குன்றினும் மறதி உண்டாகும்.

கவனமில்லாதபோது கேட்டது பதிவதேயில்லை. அதனை மறந்தான் என்பதினும், பெற்றிலன் என்பதே பொருந்தும். பதிந்ததும், ஒப்புடைய பிறவற்றோடு கலந்து குழப்பமுறும். ஒரே பண்ணும் ஒத்த சந்தமுமுடைய இரண்டு பதிகங்களை அடுத்தடுத்துப் படித்த பிள்ளை, ஒன்றன் அடியை மற்றொன்றிற் சேர்த்து ஓதுதல் இதனாலாம். நன்கு பேணப்பட்டதுந் துணையின்றி மீளாதிருத்தலுண்டு. நடுவிலே நிறுத்தப்பட்ட சிறுவன், விட்டவிடத்திலிருந்து தொடரமாட்டாது, முதற்சொல்லிலிருந்து தொடங்கி அவ்விடத்தைக் கடந்து செல்லுதலை நாம் யாவருங் கண்டிருக்கின்றோம். முன்னடி பின்னடிக்குத் துணையாகின்றது. ஆதலின் தடுமாறுபவனுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தலே பலகாற் போதியதாம். அச்சமோ மீட்டலைத் தடுக்கும். பிரம்பைக் கண்டு நடுங்குபவன் அறிந்ததையுஞ் சொல்லமாட்டான்.

இத்தொழில்களுக்கு உடம்பிலுள்ள கருவி மூளையாம். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஹென்றி மொலேசன் என்பவருக்கு, வலிப்புநோய் தீரும்பொருட்டு, மூளையின் இருபக்கத்தும் உள்ள சில கூறுகள் அறுத்தெடுக்கப்பட்டன. அதன்பின், 2008இல் இறக்குமளவும், புதிதாக நிகழ்ந்தவற்றை அவர் நினைவிற் கொள்ளமாட்டாராயினார். இளமைக்கால நினைவுகளோ பல எஞ்சியிருந்தன. கண்ணாடியிற் பார்த்து உருவம் வரைதலிலும் அவர் நாளுக்குநாள் தேர்ச்சியெய்தினார். ஆயினும் முன்னாள் அதனைப் பயின்றமையை அறிந்திலர். ஆகவே நினைவு ஒருவகையினதன்று என்பதும், நிகழ்ந்ததை நினைத்தலுங் கைப்பழக்கமும் வேறுவேறு என்பதும் பெறப்பட்டன.

இனி, மறதியின் வேகத்தை அளந்தவர் ஜேர்மனி தேசத்து ஹேர்மன் எபிங்கௌஸ் என்பவர். அவர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனனஞ்செய்து, சிலகாலஞ் சென்றபின் மீண்டும் மனனஞ்செய்து, முதன்முறையினும் எவ்வளவு நேரம் மிச்சமாயிற்றென்று கணக்கிட்டு, 1885இல் வெளியிட்டார். அம்மிச்சம் 20 நிமிடஞ் சென்றபின் நூற்றுக்கு 58. ஒரு நாட் சென்றபின் 34. 31 நாட் சென்றபின் 21. மறதி முதலில் விரைந்து நிகழ்ந்து, பின்பு தளர்கின்றதென்பது இதனால் விளங்கும். திங்கட்கிழமை ஓதியவன் வெள்ளிக்கிழமை தடுமாறுதல் இயல்பேயன்றிக் குற்றமன்று. அன்றியும், ஒரேநாளில் 68 முறை உருப்போட்டதன் பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை உருப்போட்டு அவர் பெற்றனர்.

2006இல் அமெரிக்காவிலே றோடிகர், கார்ப்பிக்கே என்னும் இருவர் மாணாக்கரைக்கொண்டு பிறிதொன்று கண்டனர். ஒரு பகுதியை மீண்டும் வாசித்தலும், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதுதலும் என்னும் இரண்டனுள், ஐந்து நிமிடஞ் சென்று சோதித்தபோது முன்னையதே சிறந்தது. ஒரு வாரஞ் சென்று சோதித்தபோதோ, மீண்டும் வாசித்தவற்றில் நூற்றுக்கு 42 பங்கும், நினைந்தெழுதியவற்றில் 56 பங்கும் நினைவில் நின்றன.

இது நமக்குப் புதியதன்று. நன்னூலின் பொதுப்பாயிரத்திலே பவணந்திமுனிவர், ஆசிரியர்பாற் கேட்டலால் வருவது காற்கூறே என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் வகுத்தனர். வினாவுதலையும் வினாயவற்றிற்கு விடைகூறுதலையும் மாணாக்கர்க்கு விதித்தனர். இவையெல்லாம் உள்ளத்திலிருந்து எடுத்துப் பயிலும் பயிற்சியேயாம்.

ஆதலின் ஆசிரியர் கடைப்பிடிக்கத்தக்கன இவை:

1. ஒருநாளிற் பலமுறை ஓதுவித்தலினும், பலநாளிற் சிலமுறை ஓதுவித்தல் நன்று. படித்த மறுநாளே ஒருமுறை கேட்டல் வேண்டும்.

2. புத்தகத்தை மூடிச் சொல்லுவித்தல் வேண்டும். வல்ல மாணாக்கர் மெல்லியர்க்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தல் வேண்டும்.

3. பொருளுணர்த்திய பின்பே மனனஞ் செய்வித்தல் வேண்டும். பொருளறிந்தது எளிதிற் பதியும்.

4. ஒத்த சந்தத்துப் பதிகங்களை ஒரேநாளிற் புதிதாகத் தொடங்குதலாகாது.

5. மறந்தவனைத் தண்டித்தலாகாது.

பெத்தநிலையில் ஆன்மா நினைப்பும் மறப்பும் உடையதென்பதும், அறிவிக்க அறியும் இயல்பினதென்பதும் நஞ் சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாக, மறந்த பிள்ளையை அடித்தல் எவ்வாறு சைவமாகும்? அடிக்கு அஞ்சி ஓதிய பதிகம், பாடசாலையை விட்டு நீங்கும் நாளிலே அவன் நாவை விட்டும் நீங்கும். பலமுறையும் பொறுமையோடு எடுத்துக்கொடுக்கப் பெற்றவனோ, முதுமையினும் அதனை மறவான். தன் மக்களுக்கும் ஓதுவிப்பான். இதனை ஆசிரியன்மார் சிந்திப்பாராக.