முதலில் நம் ஊர் ஆய்வேடு

கேள்வி: உளவியல் முதுகலை முடித்திருக்கிறேன். ஆய்வுகளைத் தேடவும் தொழில் தொடங்கவும் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: ஆய்வுக்காக ரயிலேற வேண்டியதில்லை. உங்கள் ஊர் அழகப்பா பல்கலைக்கழகம் உட்பட இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ களஞ்சியம் இலவசமாகவே தருகிறது. ‘அவற்றின் தரம் ஒரே சீராக இல்லையே’ என்பீர்கள். உண்மைதான், முடிவுகளை அப்படியே நம்பாதீர்கள். ஆனால் நம் மக்களிடம் கேட்ட வினாநிரல்கள் பல ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் இருக்கும். அமெரிக்க இதழ்களில் அவற்றைத் தேடி என்ன பயன்? தொழில் வேறு கணக்கு. மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். முதுகலை மட்டும் போதாது. மேற்படிப்பு அக்கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.