உன் வண்டிக்கு எந்தப் புத்தகம்?

அபிராமபுரம்,
சென்னை.

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவின் மாருதி 800-ஐ விற்காமல் நீயே வேலை பார்த்து ஓட்டப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எந்த மேனுவல் வாங்குவது, வண்டியோடு வந்த சின்னப் புத்தகமே போதாதா என்று கேட்டிருக்கிறாய். போதாது. அது ஓட்டுபவருக்காக எழுதியது. எந்த ஆயில் ஊற்றுவது, டயரில் எவ்வளவு காற்று, எந்த ஃப்யூஸ் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். வால்வ் கிளியரன்ஸ் வைப்பது எப்படி என்று இருக்காது. உனக்கு வேண்டியது சர்வீஸ் மேனுவல்.

கடைக்குப் போகும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பார். மாருதி 800 என்ற ஒரே பெயரில் 1983 முதல் 2014 வரை வண்டிகள் வந்தன. 1986-ல் உடலமைப்பே மாறிவிட்டது. 2000-ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ற அளவில்தான் எல்லாம் ஒன்று. தாத்தாவின் வண்டி 1997 மாடல், கார்புரேட்டர். இன்ஜெக்ஷன் வண்டிக்கு எழுதிய புத்தகத்தில் சென்ஸாரும் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்பும் பக்கம் பக்கமாக வரும், உன் வண்டியில் அவை கிடையாது. அட்டையில் உள்ள பெயரை நம்பாதே. எந்த ஆண்டு, எந்த என்ஜின் என்று முதல் பக்கங்களில் தெளிவாகச் சொல்லாத புத்தகத்தை வாங்கவே வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எண்கள். எத்தனையோ வருடமாக ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்கின் கைக்கு ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியும். உன் கைக்கு இன்னும் தெரியாது. அந்தக் குறையைப் புத்தகத்தில் உள்ள எண்ணும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சும்தான் ஈடுசெய்யும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஸ்பார்க் பிளக்கைச் சற்று அதிகமாக இறுக்கினாலும் மரை போய்விடும், பிறகு லேத் பட்டறைக்குத்தான் தூக்க வேண்டும். அலகையும் கவனி. பழைய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர், புதியவற்றில் நியூட்டன்-மீட்டர், இங்கிலாந்துப் புத்தகங்களில் பவுண்டு-அடியும் இருக்கும். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது ஏறத்தாழ 9.8 நியூட்டன்-மீட்டர். நியூட்டன்-மீட்டரில் உள்ள எண்ணைக் கிலோகிராம்-மீட்டராகப் படித்தால் பத்து மடங்கு இறுக்குவாய், போல்ட் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பல சுற்றாக இறுக்க வேண்டும். அந்த வரிசைக்குப் படம் போடாத புத்தகத்தை அங்கேயே வைத்துவிடு.

கம்பெனி மேனுவலிலும் ஒரு சிக்கல் உண்டு. பயிற்சி பெற்றவருக்காக, பட்டறையில் எல்லாக் கருவியும் இருக்கிறது என்று எண்ணி எழுதுகிறார்கள். இங்கிலாந்தின் ஜான் ஹேய்ன்ஸ் இதை அனுபவத்தில் உணர்ந்தவர். விமானப்படையில் ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டைச் சரிசெய்ய உதவினார். கம்பெனி மேனுவல் சாதாரண ஆளுக்குப் பயன்படாது என்று அப்போது கண்டார். வண்டியைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, 1966-ல் தன் முதல் மேனுவலை வெளியிட்டார். 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. எழுதியவர் தன் கையால் கழற்றிப் பார்த்தாரா என்பதைப் படங்களே காட்டிக்கொடுத்துவிடும்.

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. மெக்கானிக் செய்ய நீ பக்கத்தில் நின்று பார்த்த வேலை ஒன்றை எடுத்துக்கொள். டைமிங் பெல்ட் மாற்றியதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அந்தப் பகுதியைக் கடையிலேயே நின்று படி. எந்தக் குறியை எந்தக் குறியோடு சேர்க்க வேண்டும், டென்ஷனரை எப்போது இறுக்க வேண்டும் என்று சொல்கிறதா? கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கிப் பூட்டு என்று ஒரே வரியில் முடிக்கிறதா? எனக்கு அந்த வரியைக் கண்டாலே கோபம் வரும். சிரமம் முழுக்கப் பூட்டுவதில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுப் புத்தகம் கிடைத்தால், குளிர்நாட்டுக்குச் சொன்ன ஆயிலை இங்கே அப்படியே ஊற்றாதே. பராமரிப்பு அட்டவணையில் கடினமான ஓட்டத்துக்கென்று தனிப் பகுதி இருக்கும். தூசி, வெயில், நெரிசலில் நின்று நின்று போகும் குறுகிய பயணம் எல்லாம் அதில் சேரும். நம் செயின்ட் மேரிஸ் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தப் பகுதிதான் பொருந்தும்.

மேனுவலைத் தர கம்பெனி மறுத்தால் சும்மா திரும்பிவிடாதே. ஷம்ஷேர் கடாரியா என்பவர் கொடுத்த புகாரின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. உதிரிபாகம், பழுதறியும் கருவி, தொழில்நுட்பத் தகவல் ஆகியவற்றை வெளிச்சந்தைக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அபராதக் கணக்கும் பின்னர் மாறியது. ஆனாலும் பழுதுபார்க்கும் விவரம் கம்பெனியின் பூட்டுக்குள் மட்டும் இருக்கக் கூடாது என்ற கருத்து இந்த நாட்டில் சட்டப்படி பதிவாகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை மிக நியாயமான தீர்ப்பு. வண்டியைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அதைத் திறந்து பார்க்கும் விவரமும் சேர வேண்டும்.

இங்கிருந்து லஸ் கார்னர் பக்கம்தான், அங்குள்ள பழைய புத்தகக் கடைகளில் முதலில் தேடு. கிடைக்காவிட்டால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விசாரி. புதுப்பேட்டையில் பழைய 800-களைப் பிரித்து விற்பவர்களிடமும் கேள். புத்தகம் கையில் வந்ததும் ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது என்று ஆரம்பி. கழிவு ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் கேனில் பிடித்து பட்டறையில் கொடு. பிரேக், ஸ்டீயரிங் இரண்டையும் இப்போதைக்கு மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதே அம்மா, ஸ்டாண்டு வைத்த பிறகு போ.

அன்புடன்,
பெரியப்பா