படி எடுத்தால் போதுமா?

ஆராய்ச்சி மாணவர் ஒருவரிடம் சென்று, "உம் ஆய்வுக்குறிப்புகளுக்குப் படி உண்டா?" என்று கேட்டால், "உண்டு" என உடனே விடை வரும். "அந்தப் படியை வேறொரு கணிப்பொறியில் இட்டு ஓட்டிப் பார்த்தீரா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கே நின்றுவிடும். என் கருத்தில், ஓட்டிப் பார்க்காத படி இன்னும் படி ஆகவில்லை. அஃது ஏன் என்பதைச் சிறிது விளக்குகிறேன்.

ஹார்டு டிஸ்க் என்பது கோப்புகளை அடுக்கி வைத்த அலமாரி மட்டும் அன்று. அதன் தொடக்கத்தில், எந்திரம் எங்கிருந்து விழித்தெழ வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. வட்டு எத்தனை பிரிவாக வகுக்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கிறது. அதன்பின் விண்டோஸோ லினக்ஸோ, நாம் நிறுவிய மென்பொருள்கள், அவற்றுக்குரிய அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன. கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்து வைத்தால் கோப்புகள் தப்பும், மற்றவை தப்பா. ஆதலின் வட்டினை முழுமையாக, எழுந்து நடக்கும் நிலையிலேயே, படியெடுக்கும் முறை தோன்றியது. இதனை 'இமேஜ்' எடுத்தல் என்பர்.

இதற்கு யுனிக்ஸ் உலகில் பழைய கருவி 'டி.டி.' என்னும் கட்டளை. வட்டில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. வெற்றிடத்தையும் விடாமல் அப்படியே பெயர்த்து வைக்கும். மூலவட்டையும் சேரும் வட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், கேள்வி கேட்காமல் மூலத்தையே அழித்துவிடும். அதில் கவனம் வேண்டும். நியூசிலாந்தில் 1990-களில் பிறந்த 'கோஸ்ட்' பல்லாண்டுகள் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் கோலோச்சியது. 2013-இல் அதன் தனிப்பயனர் பதிப்பின் விற்பனை நின்றது. இன்று நாம் விலையின்றிப் பெறக்கூடியது தைவான் நாட்டின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தார் ஆக்கிய 'குளோன்சில்லா'. 500 ஜி.பி. வட்டில் 60 ஜி.பி. மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்த அறுபதை மட்டுமே எடுத்துச் சுருக்கி வைக்கும் அறிவு அதற்கு உண்டு.

படி எடுப்பது, ஆகவே, எளிது. அதே எந்திரத்துக்கு அதனைத் திருப்புவதும் எளிது. எந்திரம் மாறும்போதுதான் தொல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று உண்டு. அதனை இயக்கும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மேல் எதிலும் ஓடாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் தன் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-ஆம் நாள். ஆனால் கருவிக்கு அது தெரியாதல்லவா? எங்களுக்கு முன் பயின்றோர் பலரின் அளவீடுகள் அந்த 80 ஜி.பி. வட்டில் கிடந்தன. சென்ற ஆண்டு இடவப்பாதி மழை தொடங்கிய நாள்களில் அவ்வட்டு 'டிக் டிக்' என ஒலிக்கத் தொடங்கிற்று. ஓர் அண்ணன் ஆய்வேட்டினை ஒப்படைக்க இரண்டு மாதமே இருந்தது. அவருடைய வரைபடங்களில் பாதி அதற்குள்தான்.

ஆய்வுக்கூட உதவியாளராகிய சேட்டன், கிடங்கிலிருந்து வேறொரு நிறுவனத்துப் பழைய கணிப்பொறியைத் தேடிக் கொணர்ந்தார். இமேஜ் பிழையின்றி வந்தது. அதனைப் புதிய பெட்டியில் இறக்கினோம். விண்டோஸின் சின்னம் ஒரு கணம் தோன்றிற்று, உடனே நீலத்திரை, அதில் 0x0000007B என்ற எண்.

காரணம் இதுதான். எக்ஸ்பி முதலில் நிறுவப்பட்டபோது, அந்தத் தாய்ப்பலகையில் வட்டினை ஆளும் சில்லு எது என்று குறித்துக்கொள்கிறது. பின்னர் விழிக்கும்போதெல்லாம் அச்சில்லுக்குரிய இயக்கியை, அதாவது டிரைவரை, மட்டுமே எழுப்புகிறது. புதிய பலகையில் சில்லு வேறு. அதற்குரிய டிரைவர் வேண்டுமானால் வட்டினைப் படிக்க வேண்டும்; வட்டினைப் படிக்க வேண்டுமானால் டிரைவர் வேண்டும். பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதைதான்.

சாவியை முன்னரே வெளியே எடுத்து வைக்க வழி உண்டு. பழைய கணிப்பொறி உயிரோடிருக்கும்போதே, டிவைஸ் மேனேஜரில், வட்டினை ஆளும் சில்லுக்குரிய தனி டிரைவரை நீக்கி, எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவான 'ஸ்டாண்டர்டு டூயல் சேனல் பிசிஐ ஐடிஇ கன்ட்ரோலர்' என்பதனை அமர்த்தினோம். பின்பு மறுபடி இமேஜ் எடுத்தோம். புதிய பெட்டியின் பயாஸில் சாட்டா முறையை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றினோம். எழுந்துவிட்டது! திரை மங்கலாக, ஒலியின்றி, வலைத்தொடர்பின்றி எழுந்தது என்பது வேறு. அவற்றுக்குரிய டிரைவர்களைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அண்ணனின் வரைபடங்கள் கிடைத்தன.

இன்றைய விண்டோஸ் 10, 11 இவ்வளவு பிடிவாதம் செய்வதில்லை. பொதுவான டிரைவர்களைத் தம்மோடு கொண்டு செல்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேறொரு பூட்டு உண்டு. காக்கநாட்டில் என்னோடு அறையில் தங்கியிருப்பவர் திருநெல்வேலிக்காரர், இன்போபார்க்கில் பணி, அண்ணாச்சி என்றே அழைப்போம். மழையில் நனைந்து அவருடைய மடிக்கணினியின் பலகை இறந்தது. வட்டு நலமாகவே இருந்தது. அதனைக் கழற்றி வேறொரு மடிக்கணினியில் மாட்டியபோது, திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. 'பிட்லாக்கர்' என்னும் மறையீட்டின் வேலை இது. அதன் திறவுகோல் பழைய பலகையிலுள்ள டிபிஎம் சில்லில் அடைபட்டிருக்கும். பலகை போனால் அந்த 48 இலக்கமே கதி. பல புதிய மடிக்கணினிகளில், நாம் கேட்காமலே, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இம்மறையீடு தொடங்கிவிடுகிறது. எண் அக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அண்ணாச்சி கைப்பேசியிலிருந்து நுழைந்து எடுத்துவிட்டார். நண்பர்கள் இன்றே தம் எண்ணைத் தேடி ஒரு தாளில் எழுதி வைப்பது நலம். (தாளை மடிக்கணினிப் பையிலேயே வைக்க வேண்டா.)

லினக்ஸின் இயல்பு வேறு. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் டிரைவர்களைத் தனித்தனிக் கூறுகளாக உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 'இப்போது எந்த உடலில் இருக்கிறேன்?' என்று பார்த்து, வேண்டியதை மட்டும் எழுப்புகின்றன. இதன் பயனை இக்கேரளத்திலேயே காணலாம். அரசின் 'கைட்' நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய ஐ.டி. அட் ஸ்கூல் லினக்ஸ் 18.04-ஐ, 2019-இல், பள்ளிகளிலுள்ள இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளுக்கென வெளியிட்டது. வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய வெவ்வேறு எந்திரங்களுக்கு நிறுவும் தொகுப்பு ஒன்றே.

வட்டு ஏற்கெனவே ஒலிக்கத் தொடங்கியிருந்தால் 'டி.டி.' கொண்டு அதனை வதைக்கலாகாது. 'டிடிரெஸ்கியூ' என்றொரு கருவி உண்டு. நலமான பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, படியாத இடங்களைக் குறித்து வைத்து, பின்னர் திரும்பி வந்து முயலும். கிடைத்த படி மூலத்தோடு ஒக்குமா என்பதனை 'ஷா-256' என்னும் எண்ணாற் சரிபார்க்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் எண் முற்றும் மாறிவிடும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்கப் பல ஏடுகளை வரிவரியாக ஒப்பிட்டார். ஏடு பெயர்த்தெழுதியவர்களிடம் இப்படி ஓர் எண் இருந்திருந்தால் அவருக்கு எத்தனை இரவு மிச்சமாகியிருக்கும்!

படியை எங்கே வைப்பது என்பதும் சிறு கேள்வி அன்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாறு புகுந்து நெடும்பாசேரி விமான நிலையமே 15-ஆம் நாளிலிருந்து 29-ஆம் நாள்வரை மூடிக் கிடந்தது. மூலமும் படியும் ஒரே மேசை அறையில் இருந்தால் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் வட்டின் ஒரு படி ஆய்வுக்கூடத்தில் உள்ளது. ஒன்று துறை அலுவலகத்தில். மூன்றாவதை நான் தீபாவளி விடுமுறையில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய், அங்குள்ள கணிப்பொறியில் 'விர்ச்சுவல் மெஷின்' ஒன்றுக்குள் ஓட்டினேன். கருவி அங்கே இல்லை; எனினும் பழைய அளவீடுகள் திறந்தன.

மாதந்தோறும் முதற் சனிக்கிழமை, பிற்பகலில், சேட்டனும் நானும் கிடங்குப் பெட்டியில் அப்படியை ஏற்றி எழுப்பிப் பார்க்கிறோம். ஒரு மணி நேர வேலை. மன்றத்து நண்பர்கள் தம் வட்டினையும், படியை இறக்க வெற்றுவட்டு ஒன்றையும் கொண்டுவந்தால் அதே மேசையில் இடம் உண்டு.