பாடநூலை பிரெயிலாக்கும்போது பக்கத்தை அமைப்பது எப்படி?

பார்வையற்ற மாணவருக்காகப் பாடம் ஒன்றை பிரெயிலில் எடுத்துக்கொடுக்கப் போகும் ஆசிரியருக்கும் தன்னார்வலருக்கும் இந்த வழிகாட்டி. உலகெங்கும் பரவலாகப் புழங்கும் டக்ஸ்பரி என்ற பிரெயில் மாற்று மென்பொருளை வைத்தே சொல்கிறேன். லிப்லூயி என்ற பிரெயில் மாற்று நிரலின் அட்டவணைகளைக் கொண்டு இயங்கும் இலவச மென்பொருள்களிலும் அடிப்படை இதுதான், மெனுக்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

எழுத்தை பிரெயிலாக மாற்றுவது மென்பொருளுக்கு நொடி வேலை. எது தலைப்பு, எது பத்தி, எது கேள்வி என்று விரலுக்குப் புரியவைப்பது நம் வேலை. அச்சில் தடித்த எழுத்தும் வண்ணப் பெட்டியும் பெரிய எழுத்துருவும் பார்த்துக்கொள்வதையெல்லாம் பிரெயிலில் வெற்று வரியும் வரி தொடங்கும் இடமுமே பார்த்துக்கொள்ள வேண்டும். பக்க அமைப்பு சரியில்லாத பிரெயில் நூலில் ஒரு தலைப்பைத் தேட, மாணவர் பக்கம் முழுவதையும் வரிவரியாகத் தடவ வேண்டியிருக்கும். அவருடைய நேரத்தை நாம் வீணடிக்கக் கூடாது.

வேர்ட் கோப்பிலேயே தொடங்குங்கள்

பாடம் யூனிகோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள்தான். மென்பொருள் அவற்றைத்தான் பிரெயிலாக்கும். அப்படிப்பட்ட கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துச் சரிபார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

பிறகு, ஸ்பேஸ் பாரைத் தட்டித்தட்டி நடுவில் கொண்டுவந்த தலைப்புகளையும் என்டரை அடுக்கி உண்டாக்கிய இடைவெளிகளையும் நீக்குங்கள். தலைப்புக்கு ‘ஹெடிங் 1’, உட்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’ என்று வேர்டிலேயே ஸ்டைல் கொடுத்துவிட்டால், டக்ஸ்பரி கோப்பைத் திறக்கும்போது அவற்றை அடையாளம் கண்டு தன் ஸ்டைல்களாக மாற்றிக்கொள்ளும். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தால் பின்னால் வரும் வேலை பாதியாகக் குறையும்.

தாளின் அளவு

அடுத்தது எம்போசர் செட்டப், அதாவது பிரெயில் அச்சுப்பொறிக்கான அமைப்பு. வரிக்கு எத்தனை செல் (ஒரு பிரெயில் குறிக்கான புள்ளிக் கட்டம்), பக்கத்துக்கு எத்தனை வரி என்று இங்கே சொல்ல வேண்டும். 11.5 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் உள்ள பிரெயில் தாளில் 40 செல், 25 வரி என்பது அமெரிக்க வழக்கம். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஏ4. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 6 மி.மீ., ஒரு வரிக்கு 10 மி.மீ. என்று கணக்கிட்டு, பைன்டிங் ஓரத்தையும் விட்டால் 30 செல், 27 வரி வசதியாக அமையும். இருபக்கமும் அச்சிடும் எம்போசர் என்றால் அந்தத் தேர்வையும் இங்கேயே செய்துவிடுங்கள். தாள் மிச்சம், நூலின் கனமும் குறையும்.

தமிழுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். பிரெயிலில் உயிர்மெய்யின் உயிர்க்குறிக்கு ஒரு செல், மெய்யின் புள்ளிக்கு ஒரு செல் தனியாகப் போகிறது. ‘பக்கம்’ அச்சில் நான்கு எழுத்து, பிரெயிலில் 6 செல். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே சொல் 28 செல்லை எடுத்துக்கொள்ளும். 30 செல் வரியில் ஐந்தாம் செல்லிலிருந்து தொடங்கினால் மிச்சம் 26 செல்தான், அந்தச் சொல் அதில் அடங்காது. ஆகவே ஆங்கில நூல்களில் உள்ளதைப் போல அடுக்கடுக்காக உள்ளே தள்ளிக்கொண்டு போகாதீர்கள். தமிழுக்கு இரண்டு படி போதும் என்பது என் கருத்து. அகலத் தாளும் அதற்கேற்ற எம்போசரும் கிடைத்தால் தயங்காமல் அதையே எடுங்கள்.

ஸ்டைல்கள்

பத்தியின் முதல் வரி மூன்றாம் செல்லில் தொடங்கும், தொடரும் வரிகள் முதல் செல்லில். பட்டியலுக்கு இதற்கு நேர்மாறு: முதல் வரி முதல் செல்லில், தொடர்ச்சி மூன்றாம் செல்லில். இடக்கை விரலை ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓட்டினாலே ஒவ்வொரு உருப்படியும் தட்டுப்படும். பயிற்சிக் கேள்விகளில் கேள்வியை முதல் செல்லிலும் விடைத் தெரிவுகளை மூன்றாம் செல்லிலும் தொடங்கி, இரண்டின் தொடர்ச்சியையும் ஐந்தாம் செல்லில் வைப்பது வழக்கம். நீண்ட சொற்கள் மிகுந்த பாடமென்றால் தொடர்ச்சியை மூன்றாம் செல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். முதன்மைத் தலைப்பு நடுவில், மேலும் கீழும் ஒவ்வொரு வெற்று வரியோடு. உட்தலைப்பு ஐந்தாம் செல்லில், மேலே மட்டும் வெற்று வரி.

இவற்றைக் கையால் செய்யாமல் ஸ்டைலாகவே கொடுங்கள். பக்கத்தின் கடைசி வரியில் தலைப்பு மட்டும் அநாதையாக நிற்காமல் ஸ்டைலே பார்த்துக்கொள்ளும். எங்காவது வரி விலகினால் ஆல்ட் + எஃப்3 அழுத்துங்கள், மறைந்திருக்கும் கட்டளைகள் தெரியும். தேவையற்றதை அங்கேயே நீக்கலாம்.

பக்க எண்கள்

“42ஆம் பக்கத்தை எடுங்க” என்று வகுப்பில் ஆசிரியர் சொன்னால், பிரெயில் நூல் வைத்திருக்கும் பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்து எடுக்க வேண்டும். அச்சுப் பக்கம் ஒன்று பிரெயிலில் பல பக்கங்களாக விரிவதால், பிரெயில் பக்க எண் மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளை திண்டாடிப் போகும். எனவே இரண்டு எண்களும் வேண்டும்: மேல் வலது மூலையில் அச்சுப் பக்க எண், கீழ் வலது மூலையில் பிரெயில் பக்க எண். பிரெயில் பக்கத்தின் நடுவிலேயே அச்சுப் பக்கம் மாறினால், வரி முழுக்கக் கோடும் அதன் வலக்கோடியில் புதிய எண்ணும் வரும். அச்சுப் பக்கம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும், மூலையில் வைப்பதையும் கோடு போடுவதையும் மென்பொருள் செய்துகொள்ளும். அலுப்பான வேலைதான், ஆனாலும் பாடநூலில் இதை விட்டுவிடாதீர்கள்.

அட்டவணைகள்

அட்டவணையில் மூன்று நெடுவரிசைகளுக்கு மேல் இருந்தால் 30 செல்லுக்குள் திணிக்க வேண்டாம். ஒவ்வொரு கிடைவரிசையையும் பட்டியலின் ஓர் உருப்படியாகப் பிரித்து எழுதி, அப்படி மாற்றியிருப்பதை மேலே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அச்சுக்கு முன்

கன்ட்ரோல் + டி அழுத்தினால் பிரெயில் வடிவம் வரும். முதலில் தலைப்பு, கேள்வி, அட்டவணை மூன்றும் உள்ள இரண்டு பக்கங்களை மட்டும் அச்சிட்டு, பிரெயில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். திரையில் நம் கண்ணுக்குத் தப்பிய பிழை அவர் விரலில் உடனே தட்டுப்படும். அவர் சொன்னதைத் திருத்திய பிறகே முழுப் பாடத்தையும் அச்சிடுங்கள்.

வேறோர் ஊருக்கு அனுப்ப பி.ஆர்.எஃப். கோப்பாகச் சேமிக்கலாம். ஆனால் அதில் வரிகளும் பக்கங்களும் உறைந்துவிடும். 40 செல்லுக்கு எடுத்ததை 30 செல் தாளில் அச்சிட்டால் ஒவ்வொரு வரியும் உடையும். அதனால் டக்ஸ்பரியின் மூலக் கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். வாங்குபவர் தம் தாளின் அளவை மாற்றிக்கொண்டு அச்சிட்டுக்கொள்வார்.